புது லாரியின் வண்ணப்பூச்சு – ஒரு வேதியியல் பாடம்

வேதியியல் என்றவுடன் சோதனைக் குழாய், பியூரெட், பிப்பெட், தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்யும் சமன்பாடுகள் ஆகியவைதாம் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இளங்கலை இரண்டாம் ஆண்டு முடியும் வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆய்வகத்தின் வாசலோடு வேதியியல் நின்றுவிடுவதில்லை என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு நீல நிற லாரி. அதன் கதையையும், அதன் வாயிலாக நான் கற்ற பாடத்தையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் தாய்மாமன் இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய லாரிகளை ஓட்டியவர். சென்ற ஆண்டு வைகாசியில், அத்தையின் நகைகளை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கித் தம் பெயரில் முதல் லாரியை எடுத்தார். எங்கள் நாமக்கல் பகுதியின் வழக்கப்படி முன்கூண்டு வரை தொழிற்சாலையில் செய்து வந்த வண்டி அது. பின்னால் சரக்கு ஏற்றும் பாடியைக் கட்டுவதற்காகப் பட்டறையில் ஒரு மாதம் நின்றது. பாடி முடிந்து வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பூசைக்காக அதனைக் கழுவினோம். ஏறுவெயில் சாய்வாக விழுந்தபோதுதான் குறைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன.

முன்கூண்டின் கூரை ஆரஞ்சுப் பழத்தோல்போல் மேடுபள்ளமாக இருந்தது. முகப்பில் மணல் துகள்போல் இரண்டு முடிச்சுகள், வலக்கதவின் மடிப்பு ஓரத்தில் ஒன்று. இடக்கதவில் கைப்பிடிக்குக் கீழே வண்ணம் கண்ணீர்த்துளிபோல் வழிந்து உறைந்திருந்தது. அதே கதவில் குண்டூசித் தலையளவுக் குழிகள் ஏழெட்டு. கூரையிலும் முகப்பிலும் செம்பழுப்புப் புள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. மாமா அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, ஒரு லோடு கூட ஏத்தல. அதுக்குள்ள துருப் புடிச்சிருச்சு. நீ கெமிஸ்ட்ரி படிக்கிறயே, இது என்னன்னு பார்த்துச் சொல்லு" என்றார்.

அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. இன்று ஓரளவு இயலும்.

தொழிற்சாலையில் நடப்பது என்ன?

குறையை அறிய வேண்டுமானால் நிறையை முதலில் அறிய வேண்டும். வண்டியின் மேல் நாம் காணும் நிறம் ஒரே பூச்சு அன்று. அது பல அடுக்குகளால் ஆனது.

முதலில் எஃகுத் தகட்டிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைக் காரக் கரைசலால் கழுவுகின்றனர். பின்னர்த் துத்தநாகப் பாஸ்பேட் கரைசலில் நனைக்கின்றனர். தகட்டின் மேல் மிக நுண்ணிய படிகங்கள் படிகின்றன. அடுத்து வரும் பூச்சு பற்றிக்கொள்ள இப்படிகங்களே பிடிமானம் ஆகும்.

அடுத்தது மின்பூச்சு. முன்கூண்டு முழுவதையும் எப்பாக்சிப் பிசின் கலந்த நீர்த்தொட்டியில் மூழ்கச் செய்து, அதனையே எதிர்மின்வாயாக்கி நேர்மின்னோட்டம் செலுத்துகின்றனர். பிசின் துகள்கள் நேர்மின்னேற்றம் பெற்றவை. அவை தகட்டை நோக்கி நகர்கின்றன. தகட்டருகே நீர் மின்னாற்பகுப்பு அடைந்து ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. அவை பிசினின் மின்னேற்றத்தை நடுநிலையாக்கவே, பிசின் நீரில் கரையும் தன்மையை இழந்து தகட்டில் படிந்துவிடுகிறது. படிந்த இடத்தில் மின்தடை உயர்கிறது. ஆகவே மின்னோட்டம் இன்னும் பூச்சு ஏறாத இடத்தைத் தேடிச் செல்கிறது. தூரிகையும் தெளிப்பானும் எட்டாத உட்குழிவுகளிலும் பூச்சு ஏறுவது இதனால்தான். நாம் இரண்டாம் ஆண்டில் படித்த மின்வேதியியல் இதுவே. ஜார்ஜ் புரூவர் என்னும் வேதியியலாளர் 1960-களில் ஃபோர்டு நிறுவனத்தில் இம்முறையை மோட்டார் தொழிலுக்குக் கொண்டுவந்தார். அன்று வண்டி நேர்மின்வாயாக இருந்தது. 1970-களின் பிற்பகுதியிலிருந்து அதனை எதிர்மின்வாயாக்கும் இன்றைய முறை பரவியது. துருவைத் தடுப்பதில் இதுவே மேம்பட்டது.

மின்பூச்சின் தடிமன் ஏறக்குறைய 20 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இதன் மென்மையை எண்ணிப் பாருங்கள். இதனை 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையிலான சூளையில் சுடுகின்றனர். இதன் மேல் நடுப்பூச்சு 30 முதல் 40 மைக்ரான், அதன் மேல் நிறப்பூச்சு. கார்களில் நிறத்துக்கு மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றும் உண்டு. சரக்கு லாரிகளில் பெரும்பாலும் நிறப்பூச்சே மேற்பூச்சாகவும் அமைகிறது. எது நம் வண்டியில் உள்ளது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. வெள்ளைத் துணியில் சிறிது காம்பவுண்டு தொட்டு மறைவான இடத்தில் மெல்லத் தேய்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் மேலே தெளிபூச்சு இல்லை என்பது பொருள். எங்கள் துணியில் நீலம் ஏறியது.

குறைகளும் காரணங்களும்

ஆரஞ்சுத் தோல்: தெளிப்பானிலிருந்து வரும் நுண்துளிகள் தகட்டில் விழுந்து, ஒன்றோடொன்று கலந்து பரவி, சமதளமாக வேண்டும். பாகுநிலை மிகுந்தாலோ, கரைப்பான் விரைவில் ஆவியானாலோ, பரவுவதற்கு முன்பே துளிகள் இறுகிவிடுகின்றன. இது கண்ணுக்குத்தான் குறை. பூச்சின் ஆயுளை இது பெரும்பாலும் பாதிப்பதில்லை.

வழிதல்: இது முன்னதற்கு நேர் எதிரானது. நிமிர்ந்த பரப்பில் அளவுக்கு மேல் பூச்சு ஏறினால் புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கிறது.

தூசி முடிச்சு: பூச்சு ஈரமாயிருக்கும்போது விழுந்த துகளை வண்ணம் மூடிக்கொள்வது.

மீன்கண் குழி: பரப்பில் எண்ணெயோ சிலிக்கோனோ சிறு துளி இருந்தால் வண்ணம் அவ்விடத்தை விட்டு விலகிக் குழியாகிறது. பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சிலிக்கோன் எண்ணெய்க்கோ சுமார் 21 மட்டுமே. இழுவிசை குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்தை நோக்கித் திரவம் இழுக்கப்படுகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தட்டில் தண்ணீர் ஊற்றினால் அது ஒன்றாகப் பரவாமல் திட்டுத்திட்டாக விலகி நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

கொதிப்புத் துளை: பாலில் ஆடை படிந்த பின்னும் அடியில் பால் கொதித்தால் ஆடை கிழிந்து நுரை எழும். அதுபோல் மேற்பரப்பு முதலில் உலர்ந்து மூடிக்கொள்ள, உள்ளே சிக்கிய கரைப்பான் சூளையின் வெப்பத்தில் வெடித்து வெளியேறுவதால் ஊசித்துளைகள் உண்டாகின்றன. அத்துளைகளின் வழியே ஈரம் இறங்கும்.

கொப்புளம்: இது உடனே தெரியாது. மாதங்கள் கழித்தே வெளிப்படும். பூச்சுக்கு முன் வியர்வைக் கை பட்ட இடத்தில் உப்பு தங்கிவிடுகிறது. பூச்சுப் படலம் ஒருகூறு புகவிடும் சவ்வாகிறது. மழைநீர் சவ்வூடு பரவலால் உள்ளே சென்று பூச்சைத் தூக்கிவிடுகிறது.

நான் செய்த தவறு

இவ்வளவும் பின்னால் அறிந்தவை. அன்று எனக்கிருந்த அறிவோ அரைகுறை. மாமா கேட்டவுடன் பெருமிதத்தோடு செயலில் இறங்கினேன். கடையில் 2000 எண் உப்புத்தாள் வாங்கி வந்து, வலக்கதவின் மடிப்பு ஓரத்திலிருந்த தூசி முடிச்சைத் தண்ணீர் தொடாமலே தேய்த்தேன். முடிச்சு மறைந்தது. நான் மகிழ்ந்தேன். இன்னும் நான்கு இழுப்பு இழுத்தேன். நீலத்தின் நடுவே கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. மேற்பூச்சு முழுவதையும் தேய்த்து நடுப்பூச்சை வெளிக்கொணர்ந்துவிட்டேன்!

ஈரமான பூச்சு தன் பரப்பு இழுவிசையால் கூர்மையான ஓரங்களிலிருந்து பின்வாங்குகிறது. ஆதலால் மடிப்பிலும் ஓரத்திலும் பூச்சு எப்போதும் மெலிந்தே இருக்கும். சமதளத்தில் தாங்கக்கூடிய தேய்ப்பை ஓரம் தாங்காது. இதை அறியாமல் தேய்த்தேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு மிகவும் வலித்தது.

பெரியவரின் பாடம்

பாடி கட்டிய பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வண்ணம் அடிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாமா அவரிடம் வண்டியைக் கொண்டுபோனார். எங்கள் ஆய்வகப் பழக்கத்தில் நான் செம்பழுப்புப் புள்ளி ஒன்றை நீர்த்த அமிலத்தில் தொட்டெடுத்து, கல்லூரியில் தயோசயனேட்டுக் கரைசலால் சோதித்திருந்தேன். கரைசல் இரத்தச் சிவப்பானது. "இரும்பு இருக்கிறது, ஆகவே தகடு துருப்பிடித்திருக்கிறது" என்று அவரிடம் சொன்னேன்.

பெரியவர் சிரித்தார். "இரும்பு இருக்குதுங்க தம்பி, சரி. எந்த இரும்பு?" என்று கேட்டார்.

அவர் ஒரு மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு கூரையைத் தடவச் சொன்னார். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியாக நன்கு தெரிந்தது. புள்ளிகள் பூச்சின் அடியிலிருந்து வரவில்லை. அவை மேலே ஒட்டியிருந்தன. வண்டி பட்டறையில் நின்ற ஒரு மாதத்தில் அரவை எந்திரத்திலிருந்து பறந்த சூடான இரும்புப் பொடி பூச்சில் ஒட்டி, ஈரம் பட்டுத் துருப்பிடித்திருக்கிறது. சோப்பு நீர் விட்டு, வண்டி துடைக்கும் களிமண் கட்டியால் மெல்ல உருட்டித் தேய்த்தார். புள்ளிகள் அகன்றன. அடியில் நீலம் பழுதின்றி இருந்தது. பிடிவாதமான சிலவற்றுக்கு நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தைத் தொட்டு வைத்து உடனே கழுவினோம். பெர்மாங்கனேட்டுத் தரம்பார்த்தலில் நாம் பயன்படுத்தும் அதே அமிலம்தான். நஞ்சாதலால் கையுறை கட்டாயம்.

என் சோதனை பொய்யன்று. ஆனால் அது கேள்விக்கு விடையன்று. இரும்பு உண்டா என்பதைத்தான் தயோசயனேட்டு சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. பண்பறி பகுப்பாய்வில் முழு மதிப்பெண் பெற்ற நான் இதனை அன்றுதான் கற்றேன். மாமாவை மிகவும் வருத்திய குறை தொழிற்சாலையின் குறையே அன்று என்பதும் அன்றுதான் தெரிந்தது.

கதவு சொன்ன சாட்சி

பின்னர்ப் பெரியவர் பூச்சுத் தடிமனை அளக்கும் சிறு கருவியை எடுத்தார். எஃகின் மேல் வைத்தால் காந்தத் தூண்டலைக் கொண்டு பூச்சின் மொத்தத் தடிமனை மைக்ரானில் காட்டும். கூரை 98, முகப்பு 104, வலக்கதவு 101. இடக்கதவில் வைத்தார். 230 என்று காட்டியது.

"தடிமன் கூடினால் பாதுகாப்பு கூடும்தானே?" என்று நான் கேட்டேன். நீங்களும் இதையே கேட்கக்கூடும். உண்மை வேறு. துருவைத் தடுப்பது முதல் 20 மைக்ரான் மின்பூச்சும் அதனடியிலுள்ள பாஸ்பேட்டுமே. யாரோ ஒருவர் அடிபட்ட கதவைத் தகடு தெரியத் தேய்த்துப் பட்டி போட்டு மேலே வண்ணம் அடித்திருந்தால், தடிமன் இரட்டிப்பாகும், பாதுகாப்பு குறையும். கருவி மொத்தத்தைச் சொல்லுமே அன்றி அடுக்குகளைப் பிரித்துச் சொல்லாது.

தொழிற்சாலையிலேயே கூட ஒரு கதவுக்கு மறுபூச்சுக் கொடுப்பதுண்டு. அப்படியாயின் அது எங்கே நடந்தது? பெரியவர் கதவின் கறுப்பு ரப்பர் பீடிங்கைக் காட்டினார். அதன் ஓரத்தில் நீல வண்ணப் பொடி படிந்திருந்தது. ரப்பர், கண்ணாடி முதலியவை தொழிற்சாலையில் வண்ணச் சூளையைத் தாண்டிய பிறகே பொருத்தப்படுகின்றன. ரப்பரின் மேல் வண்ணம் இருக்கிறதென்றால், வண்டி முழுமையடைந்த பின்னரே கதவுக்கு வண்ணம் அடிக்கப்பட்டிருக்கிறது.

விற்பனை நிலையத்தார் முதலில் ஒப்பவில்லை. "பாடி கட்டிய இடத்தில் இடித்திருப்பார்கள்" என்றனர். அவர்கள் அவ்வாறு சொல்ல இடமிருந்தது. வண்டி ஒரு மாதம் வெளியே நின்றதல்லவா? எங்களைக் காப்பாற்றியது ஒரு புகைப்படம். வண்டியை எடுத்த நாளில் மாமாவின் சிறு மகள் இடக்கதவின் படியில் நின்று சிரிக்க, அத்தை கைப்பேசியில் எடுத்த படம் அது. குழந்தையின் கைக்கு அருகில் வழிந்த வண்ணமும், ரப்பரின் நீல ஓரமும் தெளிவாகத் தெரிந்தன. படத்தில் நாளும் நேரமும் பதிவாகியிருந்தன. நாங்கள் தப்பியது அறிவினால் அன்று, தற்செயலால்.

அதன் பிறகு பேச்சு மாறியது. வண்டி வரும் வழியில் கதவில் அடிபட்டதாகவும், சரிசெய்து கொடுத்ததாகவும் ஒப்புக்கொண்டனர். மாமா சண்டையிடவில்லை. புதுக் கதவு, அதற்கு எழுத்து மூலமான உத்தரவாதம் ஆகிய இரண்டை மட்டும் கேட்டார். பத்து நாட்கள் வண்டி நின்றது. கடன் தவணை நிற்கவில்லை. ஆயினும் கதவு மாறியது. நான் தேய்த்துக் கெடுத்த வலக்கதவின் ஓரத்துக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது என்றனர். அது நியாயமே. பெரியவர் அதற்கு டச்-அப் செய்து கொடுத்தார்.

கூரையிலிருந்த ஆரஞ்சுத் தோலை என்ன செய்வது என்று மாமா கேட்டார். "தொடாதீங்க" என்றார் பெரியவர். சூளையில் 140 டிகிரி அளவில் சுட்ட மேற்பூச்சு அது. முழு வண்டியில் டயர், ரப்பர், மின்கம்பி எல்லாம் இருப்பதால் பட்டறையில் 60 முதல் 80 டிகிரிக்கு மேல் சூடேற்ற இயலாது. வேறு வகை வண்ணமே அடிக்க வேண்டும். அழகுக்காக அந்தச் சூளைப் பூச்சைத் தேய்த்தெறிவது, நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டுவதற்கு ஒப்பாகும்.

நாம் அறிய வேண்டியவை

1. புது வண்டியை மாலையிலோ மழையிலோ எடுத்தல் ஆகாது. காலை வெயிலில், கழுவிய பின், சாய்வாகப் பார்க்க வேண்டும். கதவின் உள்ளோரம், ரப்பர், கீல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

2. குறை கண்டால் வண்டி பெறும் சீட்டில் எழுதிய பிறகே கையொப்பம் இட வேண்டும். வாய்ச்சொல் காற்றோடு போகும்.

3. நான்கு புறமும் படம் எடுக்க வேண்டும். குறையருகே ஓர் அளவுகோலை வைத்து எடுத்தல் நன்று. பாடி கட்ட அனுப்பும் முன் இதனைச் செய்வது மிகவும் இன்றியமையாதது.

4. புகார் முடியும் வரை நாமாகத் தேய்க்கவோ வண்ணம் அடிக்கவோ கூடாது. என் வலக்கதவே சாட்சி.

5. கண்ணை உறுத்தும் குறை வேறு, தகட்டை அரிக்கும் குறை வேறு. ஆரஞ்சுத் தோலும் தூசியும் முதல் வகை. ஊசித்துளை, கொப்புளம், ஓரத்தில் தெரியும் வெறுந்தகடு ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகைக்குப் பொறுமை வேண்டும். இரண்டாம் வகைக்குப் பிடிவாதம் வேண்டும்.

6. மறுபூச்சு அடித்தால் உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மெழுகு பூசக்கூடாது.

7. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குவோரை நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவோருக்கு அச்சட்டம் இடமளிக்கிறது. சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் என் மாமா போன்றோர் இதனை அறிந்திருக்க வேண்டும். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முடிவுரை

ஆடி மாத முதல் வாரத்தில் மாமா முதல் லோடு ஏற்றினார். புறப்படும் முன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். வலக்கதவின் ஓரத்தில் டச்-அப் செய்த இடம் கூர்ந்து பார்த்தால் இன்றும் சற்று மாற்று நிறமாகத் தெரியும். "அடுத்த தடவ வரும்போது அத நல்லா அடிச்சுத் தந்துடச் சொல்றேனுங்க மாமா" என்றேன்.

"வேண்டாம் மாப்ளே. மத்த இடமெல்லாம் கம்பெனி அடிச்சது. அந்த இடம் நீ படிச்சது. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நண்பர்களே, புத்தகத்தில் நாம் கற்கும் ஒவ்வொரு விதியும் வெளியே யாரோ ஒருவருடைய உழைப்பின் மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அதனைத் தேய்த்துப் பார்க்கும் முன், அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டறிவோம். அறிந்தவர் பட்டறையில் இருந்தாலும் அவரை ஆசிரியராகக் கொள்வோம்.